ராகி யானை
சார்ட் வேலை என்றாலே சிணுங்கும் பிள்ளையைக்கூட ராகி வசப்படுத்திவிடும். தளிப் பக்கம் ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கி ராகிக் கொல்லையை மேயும் யானையையே அப்பாவும் பிள்ளையும் சார்ட்டில் ராகியால் செய்கிறார்கள். ஓசூரில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பென்சிலால் உருவம் வரைந்து, ஃபெவிகாலை விரல்நுனியில் தொட்டுப் பூசுகிறார். கூடினால் தாள் நெளியும், குறைந்தால் மணி உதிரும். "நீ தூவு கண்ணு, போதும்." சரசரவென்று விழுகிறது ராகி. உள்ளங்கையால் அழுத்தி, சார்ட்டைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாதது ஓடிவிட, செம்பழுப்பில் சொரசொரவென்று தோல் எழுகிறது.

தும்பிக்கை வளைவில் மட்டும் தீக்குச்சியால் மணிமணியாக நகர்த்த வேண்டும். எல்லாவற்றையும் தானே முடித்துவிடாமல் அப்பா பாதியில் கையை இழுத்துக்கொள்கிறாரே, அந்தப் பொறுமைதான் இதில் பெரிய கைத்திறன். தீக்குச்சியைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளை, தந்தத்துக்கு அரிசி கேட்கிறது.