பார்மனில் விடுபட்ட பெயர்

2024 மே மாதத்தோடு பார்மன் பிரகடனத்துக்குத் தொண்ணூறு வயது. அதையொட்டி எமது தமிழ்ச்சபையிலும் ஒரு கூட்டம் வைத்தார்கள். எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரமும் கொடுக்கப்பட்டது. அதன் சாரம் இதுதான்: ஹிட்லரின் அரசுக்கு முன்னால் மண்டியிட மறுத்த ஜேர்மன் கிறிஸ்தவர்களைப் போன்று சிங்களப் பேரினவாத அரசுக்கு முன்னால் மண்டியிட மறுத்தவர்கள் நாம், அவர்கள் ஒரு கையில் வேதாகமத்தையும் மறுகையில் பத்திரிகையையும் வைத்திருந்தார்கள், நாமும் அப்படியே. கார்ல் பார்த் சொன்னதாகச் சொல்லப்படும் அந்த வேதாகமம் - பத்திரிகை வாசகம் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. என்னை நன்றியுரை சொல்லக் கேட்டிருந்தார்கள். சொன்னேன். நன்றியுரையில் விவாதம் செய்வது மரியாதையல்ல என்று அன்று விழுங்கிக்கொண்டதை இங்கு எழுதுகிறேன்.

பார்மன் எனக்குத் தூரத்து ஊரல்ல. வூப்பற்றால் நகரத்தின் கிழக்குப் பகுதி அது. ஊரில் நான் வரலாற்று விரிவுரையாளனாக இருந்த காலத்தில், நவீன ஐரோப்பா பற்றிய எனது குறிப்புகளில் பார்மன் ஒற்றை வரியாக இருந்தது. மாணவர்கள் அதைப் பாடமாக்கி எழுதினார்கள், நான் புள்ளி போட்டேன். இப்போது பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையொன்றில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறேன். இரவு வேலை முடிந்து, 1901இலிருந்து ஆற்றுக்கு மேலாகத் தொங்கிக்கொண்டு ஓடும் அந்த ரயிலில், பார்மன் வழியாகத்தான் வீடு திரும்புகிறேன். (எமது வாசகர்களிற் பலருக்கு ஏங்கெல்ஸ் பிறந்த இடம் என்றால்தான் பார்மன் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கின் பக்தி மிகுந்த ஆலை முதலாளிகளைப் பற்றி 1839இல், பதினெட்டு வயதில் அவர் எழுதிய கடிதங்களை எமது போதகர்மார் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.)

நடந்தது என்ன? 1933இல் 'ஜேர்மன் கிறிஸ்தவர்கள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட அமைப்பு புரட்டஸ்தாந்து திருச்சபைகளுக்குள் மேலோங்கியது. இனம், இரத்தம், மண் யாவும் தேவன் படைத்த ஒழுங்குகள். ஹிட்லரின் வருகை வரலாற்றில் தேவனின் செயல் - இதுதான் அவர்களது இறையியல். அந்த வருடம் செப்ரெம்பரில் பிரஷ்யத் திருச்சபை, யூத வம்சாவளியினர் போதகர்களாக இருக்கமுடியாது என்ற ஆரிய விதியை ஏற்றுக்கொண்டது. இதற்கு எதிராகத் திரண்டவர்கள் 1934 மே 29 முதல் 31 வரை பார்மனின் கெமார்க்கத் தேவாலயத்தில் கூடினார்கள். லுத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளிலிருந்து ஏறத்தாழ 140 பிரதிநிதிகள். அதில் ஒரே ஒரு பெண். ஆறு கூற்றுகள் கொண்ட பிரகடனத்தின் வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் பார்த். கூட இருந்த இரண்டு லுத்தரன்மாரும் மத்தியானத் தூக்கம் போட, தான் கடுங்கோப்பியும் பிரேசில் சுருட்டுமாக இருந்து எழுதி முடித்ததாக அவரே பின்னாளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்து ஒருவரே திருச்சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய வார்த்தை. வேறு எந்த நிகழ்வையும், எந்த அதிகாரத்தையும், எந்த மனிதரையும் தேவ வெளிப்பாடாக ஏற்கமுடியாது என்பது முதற் கூற்று. அரசு மனித வாழ்வின் முழு ஒழுங்கும் தானேயாக முடியாது என்பது ஐந்தாவது. 1934இல் இதைப் பகிரங்கமாகச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பார்த் 1935இல் பொன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பாசலுக்குத் திரும்பினார். பதவி போவதென்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். இதைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல.

ஆனால் அந்த ஆறு கூற்றுகளில், துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்த யூதரைப் பற்றி ஒரு சொல் இல்லை. யூதர் கடைகளின் பகிஷ்கரிப்பு முடிந்து ஒரு வருடம். அவர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கிய சட்டம் முடிந்து ஒரு வருடம். இன்னும் கிட்ட வருவோம். அதே பார்மனில், தேவாலயத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், ஆற்றோரமாக மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கட்டிடத்தில் கெம்னா வதைமுகாம் இயங்கியது. 1933 ஜூலையில் திறந்து 1934 ஜனவரியில் மூடினார்கள். கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கத்தினர் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அதற்குள் போய் வந்தார்கள். அயலவருக்குக் கதறல் கேட்டது. முகாம் மூடி நான்கு மாதத்தில் சினொட் கூடியது. அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. பிரகடனத்தை விளக்கிப் பேசிய ஹன்ஸ் அஸ்முஸன், நாம் குடிமக்களாகப் புதிய அரசை எதிர்க்கவில்லை என்று அழுத்திச் சொன்னார். ஆக, ஒரு கையில் வேதாகமம் இருந்தது நிச்சயம். மறுகையில் என்ன பத்திரிகை இருந்தது?

இதற்கு ஒரு பதில் உண்டு. முதற் கூற்றுக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கிறது, இயேசு யூதர்தானே என்பார்கள். 'உள்ளடங்கியிருக்கிறது' என்பது விரிவுரையாளர்களின் புகலிடம். நானும் பல வருடம் அதற்குள் குடியிருந்தவன். பார்த் அந்தப் புகலிடத்தைத் தேடவில்லை. 1967இல், இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, பொன்ஹோபரின் நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், யூதர் பிரச்சினையை அந்த வரைவில் தீர்மானகரமானதாக ஆக்காமல் விட்டதைத் தன் குற்றமாக நெடுங்காலம் உணர்ந்து வருவதாக ஒப்புக்கொண்டார். சேர்த்திருந்தாலும் 1934இல் அந்தச் சபையினர் ஏற்றிருக்கமாட்டார்கள் என்றும் எழுதினார். அதற்காகத் தான் போராடாமலேயே விட்டது நியாயமாகிவிடாது என்றும் எழுதினார்.

எமது பிரசுரகர்த்தாக்கள் படித்திருக்கவேண்டியது இந்தக் கடிதத்தைத்தான். பார்மன் ஒற்றுமையின் வெற்றி. மூன்று மரபினர் ஒரே குரலிற் பேசினார்கள். பேச முடிந்ததற்கு ஒரு காரணம், பேசினால் பிளவு வரக்கூடிய பெயரை விட்டுவிட்டதுதான். 'ஒற்றுமை' என்ற சொல்லை இரண்டு தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நாம் இதை விளங்கிக்கொள்வதற்கு இறையியல் படிக்கவேண்டியதில்லை.

அன்றைய காலத்தில் அதற்கு மேல் முடிந்திராது என்று சொல்பவர்களுக்கு நான் எலிசபெத் ஷ்மிற்ஸைக் காட்டுவேன். பெர்லினில் ஒரு பெண் பாடசாலை ஆசிரியை. வரலாறு, ஜேர்மன், சமயம் படிப்பித்தவர். அவரிடம் பதவியும் இல்லை, பிரசங்கபீடமும் இல்லை. 1935இல் 'ஆரியரல்லாதோரின்' நிலைபற்றி ஒரு நீண்ட அறிக்கை தயாரித்தார். கடைகளில், பாடசாலைகளில், தெருக்களில் என்ன நடக்கிறது, பிள்ளைகளை என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திரட்டி, திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார். பார்மன்காரர்கள் கட்டிய அதே 'அறிக்கையிடும் திருச்சபை'யின் கைகளில் அது சேரவேண்டுமென்பதே நோக்கம். பெயரிடாமல் சுற்றுக்கு விட்டார். திருச்சபை அதைக் கையிலெடுக்கவில்லை. 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டபின், இந்த அரசு எதிர்பார்க்கிறபடி படிப்பிக்க மனச்சாட்சி இடந்தராது என்று வேலையை விட்டார். அறிக்கை நெடுங்காலம் வேறொரு பெண்ணின் ஆக்கமாகவே கருதப்பட்டது. உண்மையான ஆசிரியர் யாரென்பது 1999இல்தான் வெளிவந்தது; அவர் இறந்தது 1977இல்.

எனது விரிவுரைக் குறிப்புகளில் இந்தப் பெண் ஒற்றை வரியாகக்கூட இருந்ததில்லை. பத்திரிகையை உண்மையில் வாசித்த கிறிஸ்தவர் அவர்.

இனி எமது பிரசுரத்துக்கு வருவோம். அதிலுள்ள பட்டியலில் பொய்யில்லை. 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகள் இருக்கிறார். 1995 ஜூலை 9இல் குண்டு விழுந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் இருக்கிறது. அவற்றைப் படித்து என் கையும் நடுங்கியது. எனக்கு இடறுகிற இடம், அதற்கடுத்து யாத்திராகமம் வருகிற பக்கம். எகிப்து ஸ்ரீலங்கா, இஸ்ரவேலர் நாம், கானான் எமது தாயகம். இப்படி ஒரு இனத்தின் கதையைத் தேவனின் கதையாகவே எழுதிவிடுவதைத்தான் பார்மனின் முதற் கூற்று மறுத்தது. பார்மனைப் புகழும் பிரசுரத்திலேயே இது அச்சாகியிருக்கிறது! அத்தோடு யாத்திராகமத்தை வாசிப்பவர்கள் யோசுவாவின் புத்தகத்தையும் வாசிக்கவேண்டும். கானானில் ஏற்கனவே மனிதர்கள் குடியிருந்தார்கள்.

1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த நாட்களில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அதற்கடுத்த ஞாயிறு, நவம்பர் 4, எமது கோவிலில் வழமைபோல ஆராதனை நடந்தது. பழைய ஏற்பாட்டு வாசிப்பு என்னுடையது. பாடகர் குழு வெள்ளை அங்கியில் நின்றது. அந்த அங்கிகளைத் தைத்துத் தந்தவர் சோனகத் தெருத் தையற்காரர் ஒருவர். அளவெடுக்க அவரே கோவில் வளவுக்கு வந்திருந்தார். மன்றாட்டு ஜெபத்தில் குண்டுவீச்சில் இறந்தவர்களை நினைத்தோம். இடம்பெயர்ந்து பாடசாலைகளில் இருப்போரை நினைத்தோம். ஆட்சியாளரின் கண்கள் திறக்கப்பட மன்றாடினோம். ஐந்து நாட்களுக்கு முன் எமது நகரத்திலிருந்து காலியாக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பயமாக இருந்தது, உண்மை. மன்னாரில் முஸ்லிம்களுக்காகப் பேசிய தமிழர்களும் இருந்தார்கள் என்பதையும் அறிவேன். ஆகவே போதகர் பயந்தார் என்று சொல்லி நான் தப்பமுடியாது. அன்றிரவு வீட்டில், விளக்கைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் முழங்காலில் நின்றோம். அங்கும் அவர்களை நினைக்கவில்லை. வீட்டுக்குள் எந்தப் புலி நின்றது? பின்னர் நான் விரிவுரையாளனானேன், ஐரோப்பியச் சிறுபான்மையினர் பற்றிப் படிப்பித்தேன். அப்போதும் எழுதவில்லை. எழுதுவதற்கு இந்த மெஷினுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டியிருந்திருக்கிறது.

சிங்களவர் எமக்குச் செய்ததற்குச் சிங்களக் கிறிஸ்தவர் யார் வாய் திறந்தார் என்று கேட்பது எமது வழக்கம். நியாயமான கேள்விதான், பெரும்பாலும் பதில் இல்லாத கேள்வியும்கூட. ஆனால் குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்ஹ 1983 ஜூலைக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தார். அந்த செப்ரெம்பரில் தனது மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில், சிங்களவர் வெட்கப்படவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். அடுத்த மாதமே இறந்துபோனார். தன் இனத்துக்குள் நின்று, தன் இனத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. எமது புகலிடச் சபைகள் முப்பது வருடத்துக்கு மேலாக வெளியிட்ட மலர்களை என் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். 1990 ஒக்ரோபரைப் பற்றி அப்படி ஒரு சொல்லை அவற்றில் நான் காணவில்லை. இந்த வரிக்காக என்னைத் துரோகி என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், ஆனால் மலரோடு வந்து சொல்லட்டும்.

இது பழங்கதை என்றும் தள்ளிவிடமுடியாது. எமக்கு மண்டபம் தரும் ஜேர்மன் சபை, திருப்பியனுப்பப்பட இருந்த ஈராக்கியக் குடும்பம் ஒன்றைத் தேவாலயக் கட்டிடத்துக்குள் வைத்துப் பாதுகாத்தது. 1983இல் பெர்லின் குறொய்ஸ்பேர்க்கில் தொடங்கிய தேவாலயத் தஞ்சம் என்ற வழக்கம் இது. சட்டத்தின் ஓரத்தில் நடந்துகொண்டு செய்கிற காரியம். வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு தமிழ்ச்சபையால் முடியுமா என்று கேட்டார்கள். எமது நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார்: "இவையள் வந்துதானே எங்கட ஆக்களுக்கும் சட்டம் இறுகினது." இன்னொருவர், "அவை முஸ்லிம் ஆக்கள், எங்கட சாப்பாடு சாப்பிடுவினமோ தெரியாது" என்றார். அக்கறையான குரலில்தான் சொன்னார். பிறகு நாலு பெண்கள் குழுவைக் கேட்காமலே முறைபோட்டுச் சமைத்துக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரும் பிரகடனம் எழுதவில்லை.

கெமார்க்கத் தேவாலயத்துக்குப் பக்கத்திலே இன்று ஒரு யூத ஆலயம் இருக்கிறது. 2002 டிசெம்பரில் திறக்கப்பட்டது. நிலம் தேவாலயத்துக்குரியதாக இருந்தது. அதற்கு முன், 1980 ஜனவரியில், ரைன்லாண்ட் திருச்சபையின் சினொட் யூத அழிப்பில் கிறிஸ்தவர்களின் பொறுப்பையும் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றியது. பிரகடனத்திலிருந்து தீர்மானத்துக்கு 46 வருடம், ஆலயத்துக்கு 68 வருடம். அதற்குள் கேட்கவேண்டியவர்கள் பெரும்பாலும் கொல்லப்பட்டிருந்தார்கள். எமது கணக்கு வேறு. சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். புத்தளத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் மன்றாட்டு ஜெபத்தில் இரண்டு வரி சேர்க்கவேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். வரிகளையும் எழுதியே கொடுத்தேன். 'காலம் கனியும்போது பரிசீலிக்கலாம்' என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. வாசிப்போர் பட்டியலில் இந்த வருடம் அந்த ஞாயிறு என் பெயர் இருக்கிறது. எமது சபையில் பாடம் வாசிப்பவரே மன்றாட்டையும் வாசிப்பது வழக்கம். பட்டியலை மாற்றப்போவதாக யாரும் இதுவரை அறிவிக்கவில்லை.