பெத்லகேம் குறவஞ்சியும் அசையாத பூமியும்

பூமி தட்டையானது, அசையாதது என்னும் கொள்கை அண்மை ஆண்டுகளில் கைபேசிக் காணொளிகள் வாயிலாக நம் சபைகளுக்குள்ளும் நுழைந்துள்ளது. திருமறை வசனங்களோடு அறிவியற் சான்று ஒன்றும் அதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. காற்றழுத்தம் இருக்கவேண்டுமாயின் காற்றை அடைத்துவைக்கும் கலம் வேண்டும்; வெற்றிடத்தின் அருகே காற்று தங்காது; ஆகவே ஆகாயவிரிவு என்னும் கெட்டியான கவிகை பூமியை மூடியுள்ளது என்பதே அவ்வாதம். இதனை எள்ளி நகையாடுவதால் பயனில்லை. இக்கொள்கையை ஏற்காதவன் திருமறையை மறுக்கிறான் என்று இளைஞருக்குச் சொல்லப்படுவதால், பணயமாக வைக்கப்படுவது அவர்களுடைய விசுவாசமே. எனவே, தஞ்சைத் திருச்சபையின் பழைய நூல் ஒன்றை இக்கேள்வியோடு மீண்டும் வாசிப்பது தகும் எனக் கருதுகிறோம்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி மரபில் தலைவி காதலால் வாடுவாள். குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறி சொல்லுவாள். சாஸ்திரியார் இம்மரபைக் குலைக்காமல் தலைவியைச் சீயோன் மகளாக்கினார். வளம் கூறும் பகுதிகளில் உலகப் புவியியலையும், கதிரவனைக் கோள்கள் சுற்றிவரும் கொப்பர்னிக்கஸ் வானநூலையும் புகுத்தினார். பூமி அசைகிறது என்பதைப் பாடுவதற்கு அவர் திருமறையைக் கைவிடவில்லை. படைத்தவரைத் துதிப்பதற்கான பொருளாகவே அதைக் கொண்டார். தட்டைப்பூமிக் கொள்கையை இக்காலத்தில் மீண்டும் பரப்பிய ஆங்கிலேயராகிய ரோபாதம் தம் நூலை விரித்து வெளியிட்டது 1865இல். ஆகவே, ‘பழைய விசுவாசம்’ என்று இன்று முன்வைக்கப்படுவது நம் குறவஞ்சியினும் இளையது.

சாஸ்திரியாரோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்ற இரண்டாம் சரபோஜி மன்னரும் தேவேந்திர குறவஞ்சி என்னும் மராத்தி நாடகத்தில் உலகப் புவியியலைப் பாடவைத்தார். 1826இல் பேராயர் ஹீபருடன் தஞ்சை வந்த தாமஸ் ராபின்சன், அம்மன்னரின் நூலகத்தில் வானியற் கருவிகளோடு காற்றை வெளியேற்றும் பொறியும் இருந்ததைக் குறித்துள்ளார். கிறிஸ்தவக் கவிஞரும் சைவ மரபினரான அரசரும் ஒரே உலகப்படத்தை ஒரே இலக்கிய வடிவில் பாடினர் என்பது எண்ணத்தக்கது.

இங்கேதான் சாஸ்திரியார்மீது நம் திறனாய்வும் எழுகிறது. ஏழு கடல் சூழ்ந்த புராண உலகை மறுக்கும் படைக்கலமாகப் புதிய வானநூல் அக்காலக் கிறிஸ்தவ எழுத்துகளில் பயன்பட்டது. ஆனால் பூமி உருண்டை என்பதும், அது தன் அச்சில் சுழல்கிறது என்பதும் கி.பி. 499இலேயே ஆரியபட்டர் கூறியவை. பஞ்சாங்கக் கணிதரும் புராணக் கணக்கைக் கொண்டு கிரகணம் கணித்தவரல்லர். பிறர் நூலின் உருவக மொழியை அறிவியலாக வாசித்து நகைப்போமாயின், நம் நூலையும் அவ்வாறே வாசிக்கப் பிறருக்கு வழி திறக்கிறோம். இசைநாடகம் வாதநூல் அன்று. ஆகவே, யோசுவா 10ஆம் அதிகாரத்தையும் 104ஆம் சங்கீதத்தையும் புதிய வானநூலோடு இணைத்து விளக்கும் பணி பின்வந்த இறையியலாருக்கே எஞ்சியது. அப்பணியை நாம் செவ்வனே செய்யாததால் விளைந்த வெற்றிடத்தில்தான் இன்றைய காணொளிகள் நிரம்புகின்றன.

இனி, காற்றழுத்த வாதத்தைக் காண்போம். காற்றழுத்தம் என்பது நமக்கு மேலுள்ள காற்றின் எடையே. 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயோடு பிரான்சு நாட்டு மலையொன்றில் ஏறியபோது பாதரச மட்டம் தாழ்ந்தது. கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1013 மில்லிபாராக உள்ள அழுத்தம், ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது. கொடைக்கானலில் சோறு வேகத் தாமதமாவதும் இதனாலேயே. மூடியினால் அடைபட்டே அழுத்தம் உண்டாகுமாயின் உயரத்திற்கேற்ப அது இவ்வாறு குறைய வேண்டியதில்லை. காற்று படிப்படியாக மெலிகிறது. வெற்றிடத்தோடு முட்டும் எல்லைச்சுவர் எங்கும் இல்லை. ஈர்ப்பே அதனைப் பிடித்துவைக்கிறது. அது பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

இதற்கு டெல்டா மக்கள் அறிந்த கொடிய சாட்சி ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நம் கரையை நோக்கி வரும் புயலில் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்தும், தெற்கே நிலத்திலிருந்தும் வீசும். தாழ்வழுத்த மையத்தை நோக்கிப் பாயும் காற்று நேரே செல்லாமல் இடஞ்சுழியாகத் திரும்புவது பூமி சுழல்வதாலேயே. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது வலஞ்சுழியாகத் திரும்பும். பூமி அசையாததற்குச் சான்றாக அழைக்கப்பட்ட காற்றழுத்தமே அது சுழல்வதற்குச் சாட்சி கூறுகிறது.

ஆயினும், யோபு 28:25 காற்றின் நிறையைப் பற்றிப் பேசுவதால் திருமறை காற்றழுத்தமானியை முன்னறிவித்தது என்று பிரசங்கிப்பதும் அதே பிழையின் மறுபக்கமே. அவ்விடத்தில் பேசப்படுவது தேவ ஞானம், இயற்பியல் அன்று. கால்வின் தம் ஆதியாகம விளக்கவுரையில், மோசே எளியோர் காணும் முறையில் எழுதினார் என்றும், வானநூல் கற்க விரும்புவோர் வேறிடம் செல்லட்டும் என்றும் கருத்துரைத்தார். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் ஆசரிப்புக் கூடாரத்தின் வடிவில் உலகை அமைத்தபோதும் திருச்சபை அதைக் கோட்பாடாக்கவில்லை.

பூமி அசையாது என்னும் சங்கீதச் சொல், தம் படைப்பைக் கைவிடாத கர்த்தரின் உண்மையை அறிக்கையிடுகிறது. புயலில் வீடிழந்தவனுக்கு வேண்டிய ஆறுதலும் அதுவே. அச்சொல்லைப் பூமியின் வடிவத்துக்குச் சான்றாகச் சுருக்குவோர் அந்த ஆறுதலையே பறிக்கின்றனர். பிரசங்க பீடத்தில் நிற்போர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். தஞ்சைக் கவிஞர் துணிவோடு பாடியதை நாம் துணிவோடு விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.