சிவப்பை நம்பலாம், பச்சையை நம்பக் கூடாது: போஷ் ஜிஎம்எஸ் 120

சமையலறையில் சிம்னி, படுக்கையறையில் ஏசி, கூடத்தில் ஃபால்ஸ் சீலிங். பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்க இறங்கினால் சுவரிலும் கூரையிலும் துளை போடாமல் முடியாது. உள்ளே எந்த வழியாக வயர் போகிறது என்பது துளை போடும்முன் தெரிந்தாக வேண்டும். சுவரில் பட்டால் கொத்திச் சரிசெய்துவிடலாம். கூரை கான்கிரீட்டுக்குள் வயர் செல்லும் குழாய் உடைந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் உள்ளே மறைந்திருக்கும் உலோகத்தையும் மின்வயரையும் கண்டறியும் போஷ் ஜிஎம்எஸ் 120 கருவியை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

கைக்கு அடக்கமானது. ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். ஜிப்சம் சுவர், உலோகம், மின்வயர் என மூன்று நிலைகள். நடுவிலுள்ள துளையைச் சுற்றி ஒளிவளையம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்ததும் துளை வழியாகவே பென்சிலால் குறித்துவிடலாம். இந்த வசதி அருமை. இரும்பை 120 மி.மீ., செம்பை 80 மி.மீ., மின்சாரம் உள்ள வயரை 50 மி.மீ. ஆழம் வரை காட்டும். இவை உச்ச அளவுகள்.

செங்கல் சுவரில் கருவி நன்றாக வேலை செய்கிறது. சுவிட்ச் போர்டிலிருந்து மேலே ஏறும் வயரைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போகிறது. ஒன்று முக்கியம்: தேடும்போது எல்லா சுவிட்சுகளையும் போட்டு வையுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தால் அதைத் தாண்டிய வயரில் மின்சாரம் இருக்காது, கருவிக்கும் அது தெரியாது. சுவர் முழுக்கச் சிவப்பு காட்டினால், மற்றொரு கையைச் சுவரில் பதித்துக்கொண்டு தேடுங்கள். நிலைமின்சாரம் வடிந்து குறி தெளிவாகும்.

கூரையில்தான் சிக்கல். உலோக நிலையில் வைத்தால் சீரான இடைவெளியில் முறுக்குக்கம்பிகள் வரிசையாகத் தெரிகின்றன. வயரைப் பிரித்தறிய வழியில்லை. மின்வயர் நிலைக்கு மாற்றினாலும் ஆழம் இடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கம்பிக்குக் கீழே கான்கிரீட் கவர் 20 மி.மீ., குறுக்கும் நெடுக்குமாக இரண்டு 8 மி.மீ. கம்பிகள், அடியில் 10 மி.மீ. பூச்சு. அதற்கு மேலேதான் பிவிசி குழாய். ஏறக்குறைய 46 மி.மீ. தாண்டிய பிறகே வயர். கருவியின் எல்லையோ 50. கான்கிரீட்டில் ஈரம் இருந்தால் குறி இன்னும் மங்கும்.

வயர் இழுக்காத வெற்றுக் குழாயும், இணைப்பு துண்டித்த பழைய வயரும் மின்வயர் நிலையில் தெரியாது. அப்படிப்பட்ட வயருக்கு, ஒரு முனையில் சிக்னல் செலுத்தி வெளியே தேடும் டோன் டிரேசர் உதவும். வெற்றுக் குழாய்க்கு ரேடார் கருவிதான் சரி. போஷ் டி-டெக்ட் 200 சி, ஹில்டி பிஎஸ் 1000 போன்றவை அந்த வகை. ஒரே ஒரு வீட்டு வேலைக்கு விலை கொடுத்து வாங்குவதைவிட, ரேடார் வைத்திருப்பவரை அழைத்துப் பார்க்கச் சொல்வதே மேல்.

ஆகவே, ஜிஎம்எஸ் 120 சிவப்பு காட்டிய இடத்தில் கை வைக்காதீர்கள். பச்சை காட்டிய இடத்திலும் மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்த பிறகே டிரில்லை எடுங்கள். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஃபேன் கொக்கிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நேர்கோடு இழுத்துப் பார்த்து, அந்தத் தடத்தை விட்டு விலகியே துளையிடுங்கள். செங்கல் சுவர் வேலைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். கூரையைத் துளைக்க இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். புதுவீடு கட்டுகிறவர்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: கான்கிரீட் போடும்முன், குழாய்களின் அருகே டேப்பை விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.