சொற்புதிரும் உரைமரபும்

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின்வழி அமைவனவற்றை ஏழாக வகுக்கின்றார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பன அவை. இவ்வேழனுள் பிசி என்பது இக்காலத்தார் விடுகதை என வழங்குவதாகும். உவமையால் பொருளை மறைத்துக் கூறுதலும், ஒன்றைக் கூறி அதனால் பிறிதொன்றைத் துணியச் செய்தலும் என அதன் இயல்பு இருவகைப்படும். யானையின் உடலை மலையாகவும் கொம்பைப் பிறையாகவும் கூறும் பிசியை உரையாசிரியர் எடுத்துக்காட்டாகத் தருவர். பாட்டொடும் நூலொடும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட இவ்வகையை நம் இலக்கியத் திறனாய்வு பெரிதும் நாட்டுப்புறவியலார்க்கு விட்டு ஒதுங்கியது. சிறுவர் பொழுதுபோக்கு என்பதே அவ்வொதுக்கத்திற்கு உள்ளுறையாக நின்ற காரணம் எனலாம்.

இன்று சொற்புதிர் நாள்தோறும் கணினியிலும் கைப்பேசியிலும் எண்ணிறந்தோரால் ஆடப்படுகின்றது. ஆடி முடித்தோர் அவ்வளவில் அமையாது, தம்மொடு ஆடினாரோடு இணையவழி உரையாடவும் செய்கின்றனர். இவ்வுரையாடல் வெறும் அளவளாவலோ, அன்றிப் புதிர் என்னும் இலக்கிய வகையின் ஓர் உறுப்போ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அஃது ஓர் உறுப்பே என்பதும், நம் பழைய உரைமரபோடு அது நெருங்கிய உறவுடையது என்பதும் எம் கருத்து.

முதற்கண் இப்புதிர்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஆர்தர் வின் என்பார் இயற்றிய குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் வெளிவந்தது. சொல்லின் பொருளைக் கூறிச் சொல்லைக் கேட்பதே அதன் முறை. இம்முறை இங்கிலாந்து புக்கபின் வேறோர் உருக்கொண்டது. ‘டார்க்குமாடா’ என்னும் புனைபெயரில் எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் எழுதிய புதிர்கள், குறிப்பின் மேற்பொருள் ஒன்றாகவும் உட்பொருள் வேறொன்றாகவும் அமைந்தவை. அவருக்குப்பின் ‘சிமினீஸ்’ என்னும் பெயரில் எழுதிய டெரிக் மாக்னட், 1966இல் இக்கலைக்கு இலக்கணம் கூறும் நூல் ஒன்றையே இயற்றினார். ஒரு குறிப்பில் விடையின் செம்மையான பொருள் இருத்தல் வேண்டும். விடையைச் சொல்லுறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் நேரிய வழி இருத்தல் வேண்டும். இவ்விரண்டின் வேறாக மிகையொன்றும் இருத்தல் ஆகாது. இதுவே அவர் நெறியின் சாரம். 2021இல் ஜோஷ் வார்டில் என்பார் பொதுமக்களுக்கு வெளியிட்ட ‘வேர்டில்’, ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் காணச்செய்வது. 2022 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று.

வேர்டிலில் நம் ஆய்வுக்கு வேண்டுவன இரண்டு. ஒருநாளில் அனைவர்க்கும் ஒரே சொல்லே புதிராகும் என்பது ஒன்று. ஆடியவர் தம் முயற்சிகளை எழுத்தின்றி நிறக்கட்டங்களாக மட்டும் பிறர்க்குக் காட்டலாம் என்பது மற்றொன்று. விடையை மறைத்தே விடை கண்ட வழியைப் பேசுதற்கு இஃது இடந்தந்தது. உரையாடல் ஆட்டத்தின் அமைப்பிலேயே இடம்பெற்றமை இதனால் தெற்றென விளங்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். மேற்பொருளும் உட்பொருளும் வேறுபட அமையும் குறிப்பு தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் மிறைக்கவிகளுள் அக்கரச் சுதகம் எழுத்தைக் குறைத்துக்கொண்டே சென்று வேறு வேறு சொல் பெறுவது; எழுத்து வருத்தனம் எழுத்தைப் பெருக்கிச் செல்வது; வினாவுத்தரம் வினாக்களுக்குரிய விடைகளைக் கூட்டி ஒரு சொல்லாக்குவது; கரந்துறைச் செய்யுள் ஒன்றனுள் ஒன்று மறைந்து நிற்பது. புதிர்க்குறிப்பின் வழிகள் அனைத்தும் இவற்றுள் அடங்கும் எனினும் மிகையாகாது. விளக்கத்தின் பொருட்டு யாம் அமைத்த குறிப்புகள் சிலவற்றை ஈண்டுக் காட்டுதும். அடைப்புக்குறியில் உள்ள எண் விடையின் எழுத்தளவு.

‘தலையிழந்த பாட்டு மண்ணில் முளைப்பது (2)’ என்பது ஒன்று. பாட்டு என்பது கவிதை; தலையாகிய ககரத்தை இழப்பின் விதை; விதை மண்ணில் முளைப்பது. ‘பாடத்தின் தொடக்கத்தைக் குறுக்கினால் சுவரில் மாட்டலாம் (3)’ என்பது மற்றொன்று. பாடம் என்பதன் முதல் நெடிலைக் குறிலாக்கின் படம். முன்னது அக்கரச் சுதகத்தின் வழிப்பட்டது. பின்னது மாத்திரைச் சுருக்கம். குறில் நெடில் வேறுபாடே பொருளை வேறுபடுத்தும் மொழிக்கு இப்பின்னைய வழி மிக இயைந்தது.

எனினும் மிறைக்கவிக்கும் புதிர்க்குறிப்புக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. மிறைக்கவியில் புலவன் தன் அருமையைக் காட்டுகின்றான்; கற்போன் வியந்து நிற்கின்றான். புதிரிலோ இயற்றுவோன் இறுதியில் தோற்பதற்கென்றே ஆடுகின்றான். விடுவிக்க இயலாத புதிர் இயற்றியவனுக்குப் புகழன்று, பழியே. ஆதலின் புதிரின் சிறப்பு அதன் அருமையில் இல்லை. விடுவிப்போன் ‘இஃது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்’ என நேர்மையை ஒப்புக்கொள்ளும் அந்நிலையிலேயே உள்ளது. ஒப்புக்கொள்வோர் இல்வழிப் புதிர் நிறைவு பெறுவதில்லை. உரையாடல் வேண்டப்படுவது இக்காரணம் பற்றியே.

இக்கருத்தை யாம் நூல்வழி அறிந்ததினும் ஒரு பிழைவழி அறிந்தது மிகுதி. ‘நீரில் பூப்பது (3)’ எனப் பொருள் மட்டும் கூறின் தாமரையும் பொருந்தும், அல்லியும் பொருந்தும், புதிர் முடிவுபெறாது. ஆதலின் யாம், எம்மொடு இணையவழி ஆடும் குழுவினர்க்கு, ‘கொடு, மான், நீரில் பூப்பது (3)’ எனக் குறிப்பு அமைத்தோம். கொடு என்பது தா. மான் என்பது மரை, அகராதிகள் மான்வகை எனக் கூறுவது. இரண்டும் கூடின் தாமரை. விடையைப் பலரும் விரைவில் கண்டனர். ஆயின் விடை கண்ட ஒருவரே தடை எழுப்பினார். அவர் தமிழாசிரியர் அல்லர். வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்றவர். ஈ என்பது தாழ்ந்தோன் இரப்பு, தா என்பது ஒத்தோன் இரப்பு, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வேறுபடுத்தியிருக்க, ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகக் கூறுதல் யாங்ஙனம் பொருந்தும் என வினவினார். மற்றொருவர் கிளவியாக்கத்தை எடுத்துக்காட்டித் தருதல் தன்மை முன்னிலைக்கும் கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவாதலின் தடை வலுவுடைத்து என்றார். மூன்றாமவர் எம் பக்கம் நின்றார். இற்றை வழக்கில் இரு சொல்லும் வேறுபாடின்றி வழங்குகின்றன. காலந்தோறும் வழக்கில் வந்து சேரும் சொற்களை விலக்கலாகாது எனத் தொல்காப்பியரே கூறியுள்ளார். அந்நெறி பொருள் மாற்றத்திற்கும் ஒக்கும் என்பது அவர் விடை.

அந்நூற்பாக்களை வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்த எமக்கு, குறிப்பை அமைக்குங்கால் அவை நினைவில் எழாமை நாணத்தக்கதே. அதனினும் எம் கருத்தைக் கவர்ந்தது அவ்வுரையாடலின் வடிவு. ஒருவர் சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் தடை நிகழ்த்தினார். ஒருவர் நூற்பாவை எடுத்துக்காட்டினார். ஒருவர் விடை கூறினார். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என நன்னூலார் காண்டிகையுரைக்குக் கூறும் உறுப்புகள் ஐந்தும் அதன்கண் அமைந்து கிடந்தன. அவ்வாறு அமைக்க வேண்டும் என எவரும் எண்ணினாரல்லர். ஒரு சொற்றொடரைப் பலர் கூடி நேர்மையாக ஆராயப் புகின் ஆராய்ச்சி தானே இவ்வடிவு கொள்ளும் போலும். அங்ஙனமாயின் உரைமரபு என்பது ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. கூடிப் படிப்போரின் இயல்பான ஒழுகலாறு எனக் கொள்ளல் வேண்டும்.

தடையை ஏற்று யாம் குறிப்பை மாற்றினோம். ‘ஒத்தவன் இரக்க, மான் வந்து நீரில் பூத்தது (3)’ என்பது மாற்றிய வடிவம். ஒத்தவன் இரப்பு தா, மான் மரை, நீரில் பூத்தது தாமரை. முன்னைய குறிப்பு உறுப்புகளை நிரல்பட வைத்த கணக்கு. அதற்கு மேற்பொருள் என்று சொல்லத்தக்கது ஒன்றில்லை. பின்னையதில் நட்பும் ஈகையும் வியப்பும் விளங்கும் ஒரு சிறு காட்சி உண்டு. இலக்கணத்தைச் செம்மைசெய்யப் புகுந்த இடத்தில் நயமும் உடன் வந்து சேர்ந்தது. சொல்லின் செம்மையும் செய்யுளின் அழகும் ஒன்றற்கொன்று பகை எனக் கருதுவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. புதிர்க்குறிப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என அளத்தற்கு யாம் கொள்ளும் அளவுகோலும் இதுவே: மேற்பொருளும் உட்பொருளும் தனித்தனி நிறைவுற்று, ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும்.

உரையாடலின் மற்றொரு பயன், விடை சரியாகவும் காரணம் பிழையாகவும் அமையும் இடங்களில் தோன்றும். ‘மண்ணில் முளைப்பது’ என்பது கொண்டே விதை என்னும் விடையை எழுதிவிட்டு, பாட்டு அங்கு எதற்கு என அறியாது நிற்பார் பலர். தனித்து ஆடுவார் அவ்வளவில் அடுத்த கட்டத்திற்குச் செல்வர். கூடி ஆடுவாரோ வினவி அறிவர். அறிந்தபின் அடுத்த புதிரில் தலை, இடை, கடை என்னும் சொற்களைக் கண்டவுடன் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறைகளை நினைப்பர். வகுப்பறையில் விகாரங்களுள் ஒன்றாகப் பெயர் மட்டும் அறியப்படும் இலக்கணம் ஈண்டுக் கைக்கருவியாகின்றது.

இவ்வுரையாடல்களில் மீண்டும் மீண்டும் எழும் வினா ஒன்றனைத் தமிழ்த்துறையினர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஓர் எழுத்து என்பது எது என்பதே அவ்வினா. ஒருங்குறி முறையில் கி என்பது ககரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகளால் ஆவது. ம் என்பதும் மகரமும் புள்ளியும் ஆகிய இரண்டால் ஆவது. ஆகவே தாமரை, அல்லி, கமலம் என்னும் மூன்றும் கணினியின் எண்ணிக்கையில் ஐந்து ஐந்தாக ஒத்து நிற்கும். இலக்கணத்தின்படி முன்னைய இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள். கமலம் நான்கெழுத்துச் சொல். ஒருங்குறி பிழை செய்தது என்பது எம் கருத்தன்று. புள்ளி பெறின் மெய், புள்ளி நீங்கின் அகரம் ஏறிய உயிர்மெய் என்னும் வரிவடிவ நெறியை அது தழுவியது. அந்நெறி தொல்காப்பியத்தில் உள்ளதே. ஆயின் எழுதும் முறைக்கு உரியதனைச் சொல்லின் எழுத்தளவுக்கும் உரியதாகக் கொள்ளின் புதிர் பிழைபடும். எண்ணும் விதியைக் கணினிக்குக் கற்பிப்போர் எழுத்ததிகாரம் கற்றிருத்தல் இன்றியமையாதது.

வேர்டிலைத் தமிழ்ப்படுத்துங்கால் இடர்ப்பாடு இன்னும் மிகும். ஆங்கிலத்தில் எழுத்து 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. அவற்றுள் வழக்கில் அரியன பல உளவேனும், ஒரு முயற்சியில் மூன்று நான்கு எழுத்தைச் சோதிப்பவன் பெறும் செய்தி மிகச் சிறிது. விடை கோலம் என்றிருக்க, ஒருவன் காலம் என எழுதின் முதலெழுத்து முற்றும் பிழை எனக் காட்டப்படும். உண்மையில் ககர மெய் பொருந்தியுள்ளது, உயிரே வேறுபட்டது. மெய் ஒன்றி உயிர் வேறுபட்டதனையும், உயிர் ஒன்றி மெய் வேறுபட்டதனையும் தனித்தனி அறிவிக்கும் விதி அமைப்பின் தமிழின் எழுத்தியல்புக்கு ஏற்ற ஆட்டமாகும். உயிர்மெய் இரண்டன் கூட்டம் என்னும் இலக்கணக் கருத்து ஓர் ஆட்டத்தின் விதியாக வாழ்வதற்கு இஃது ஓர் வாய்ப்பு. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைப் பற்றிய விதிகளும் இவ்வாறே பயன்படும். வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் இறுதியில் வாராது என்பதை அறிந்தவன் ஒரு முயற்சியை மிச்சப்படுத்துவான். லட்டு, டப்பா போன்றவற்றை ஏற்பதா என்னும் வழக்கு எழுமாயின், அது தாமரைக் குறிப்பில் எழுந்த வழக்கின் மறுவடிவமே.

விடை தெரிந்தபின் புதிர் செத்துவிடுகின்றது. பாட்டோ படிக்குந்தோறும் புதிது. ஆதலின் புதிரை இலக்கியத்தோடு எண்ணலாகாது என்பார் உளர். இத்தடை ஓரளவு உண்மையே. புதிர்களுள் மிகப் பல ஒருநாளைக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. அவற்றைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும் என யாமும் கூறேம். ஆயின் யானையைப் பிறையும் மலையுமாகக் காட்டும் பழம்பிசியின் விடையை அறியாதார் இன்று யார்? விடை அறிந்தும் அதனை நாம் மகிழ்ந்து கூறுகின்றோம். விடை முடிந்த இடத்தில், அவ்விடை அச்சொற்களில் எவ்வாறு இருந்தது என்னும் வியப்புத் தொடங்குகின்றது. அவ்வியப்பைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வேட்கையே உரையாடலாகின்றது, அதுவே உரையாகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், சொற்புதிர் இயற்றுவோன், விடுவிப்போன், உடன் ஆடுவோர் என்னும் மூவரால் நிறைவுறும் வகை என்பதும், உடன் ஆடுவோரின் உரையாடல் அதற்குப் புறம்பானதன்று என்பதும், தமிழ்ப் புதிரின் எழுத்தளவும் பொருட்செம்மையும் நம் இலக்கணத்தையே சார்ந்து நிற்கின்றன என்பதும் பெறப்படும். எழுத்தையும் சொல்லையும் பற்றிய வழக்குகள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொள்ளாதாரால், ஊதியமும் தேர்வும் இன்றி நாள்தோறும் ஆராயப்படுகின்றன. அவ்வவையில் தமிழ்த்துறையினர் கற்பிக்கச் செல்லுதல் ஒருபுறமிருக்க, எம்போல் திருத்தப்படுதற்காகவேனும் சென்று அமர்தல் நன்று.