பயண வலைப்பதிவும் அதன் பொருளாதார அடித்தளமும்

ஓர் இலக்கிய வகையின் இயல்பினை அறிந்துகொள்வதற்கு, அதனை எழுதுபவர் யார், அது யாருக்காக எழுதப்படுகின்றது என்னும் வினாக்களோடு, எழுதுவதற்கான செலவினைப் பொறுப்பவர் யார் என்னும் வினாவினையும் எழுப்புதல் வேண்டும். பயண இலக்கியத்தைப் பொறுத்தமட்டில் இம்மூன்றாவது வினா இன்றியமையாதது. கவிஞனுக்குத் தாளும் எழுதுகோலும் போதும். பயணம் பற்றி எழுதுபவருக்கோ கட்டணமும் தங்குமிடமும் பல வார காலமும் கிடைத்த பின்னரே எழுத்துத் தொடங்குகின்றது. இணையத்திலே கடந்த கால் நூற்றாண்டாக வளர்ந்துள்ள பயண வலைப்பதிவினை இந்நோக்கிலே அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயண வலைப்பதிவர் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. உலகைச் சுற்றி இன்புறுவதற்கே ஊதியம் பெறும் பாக்கியவான் அவர் என்பது ஒன்று. வலைப்பதிவுகளே இக்கருத்தினைப் பெரிதும் வளர்த்து வந்துள்ளன. விடுதி முதலாளிகளின் தரகராகிவிட்ட குட்டி முதலாளித்துவச் சோம்பேறி அவர் என்பது மற்றொன்று. முற்போக்காளர் சிலரிடையே இது செல்வாக்குடையது. இரு கருத்துக்களும் அங்கே நிகழும் உழைப்பினைக் கணக்கில் எடுக்கவில்லை. பயண வலைப்பதிவு உழைப்பின் விளைபொருளாகும். ஆயின், தன்னை ஆக்கிய உழைப்பினை மறைத்துக்கொண்டால் மட்டுமே விலைபோகும் விளைபொருளாகும். இம்முரண்பாடே அவ்வெழுத்தின் உள்ளடக்கத்தையும் உருவத்தையும் நிர்ணயிக்கின்றது என்பது எமது கருத்து.

வரலாற்றினைச் சிறிது நோக்குவோம். ஜோன் மறே 1836இல் தமது கைந்நூல் வரிசையினைத் தொடங்கினார். 1841இல் தொமஸ் குக் லெஸ்ரரிலிருந்து லஃப்பரோவுக்குப் புகையிரதச் சுற்றுலா ஒன்றினை ஒழுங்குசெய்தார். கைத்தொழிற் புரட்சியின் பயனாய்த் தோன்றிய புதிய நடுத்தர வர்க்கம் பயணஞ்செய்யத் தலைப்பட்ட காலம் அது. இக்காலத்திலேயே புகழ்பெற்ற பேடெக்கர் கைந்நூல்கள் விளம்பரங்களுக்கு இடமளியாமையைத் தமது நம்பகத்தின் அடையாளமாகக் கொண்டன. அதனை வெறும் ஒழுக்கச் சிறப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. நூலின் விலையை வாசகரே கொடுத்தனர். ஆதலின் நூல் வாசகருக்கே கடமைப்பட்டிருந்தது.

இவ்வுறவு தளரத் தொடங்கியமையை 2008இல் எழுந்த ஒரு சர்ச்சை வெளிப்படுத்திற்று. ரொனி, மொரீன் வீலர் தம்பதியினர் 1973இல் தொடங்கிய லோன்லி பிளனற் நிறுவனத்தின் பெரும்பங்கினை 2007இல் பீ.பீ.சீ.யின் வணிகப் பிரிவு வாங்கியது. அடுத்த ஆண்டிலே, அந்நிறுவனத்துக்காக எழுதிய தொமஸ் கோன்ஸ்ராம், பயண எழுத்தாளர்கள் நரகத்திற்குச் செல்வார்களா என வினவும் தலைப்புடைய நூலொன்றினை வெளியிட்டார். கொலம்பியா பற்றிய நூலுக்குப் பங்களித்தபோது தாம் அந்நாட்டிற்குச் செல்லவில்லை எனவும், கொடுக்கப்பட்ட ஊதியம் அதற்குப் போதவில்லை எனவும் அவர் கூறினார். வரலாற்றுப் பகுதியை எழுதுவதற்கே அவர் அமர்த்தப்பட்டார் என்பது நிறுவனத்தின் விடை. சர்ச்சை ஒரு தனிமனிதரின் நேர்மையைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. நேரிற் காண்பதற்குரிய செலவினைக் கூலி ஈடுசெய்யாதவிடத்து நேரிற் கண்ட எழுத்து எவ்வாறு பிறக்கும் என்னும் அடிப்படை வினா பின்னொதுங்கியது.

வலைப்பதிவு இவ்வினாவினை மேலும் கூர்மைப்படுத்தியுள்ளது. இங்கு வாசகர் விலை கொடுப்பதில்லை. வேறு சிலர் கொடுக்கின்றனர். கூகிள் 2003இல் அறிமுகப்படுத்திய முறையின்படி, பக்கத்திலே தோன்றும் விளம்பரங்களுக்காக எழுதுபவருக்கு ஒரு பங்கு கிடைக்கின்றது. ஆயிரம் பார்வைகளுக்கு இவ்வளவு எனக் கணிக்கப்படும் சிறுதொகை அது. இரண்டாவது வழி தரகுப் பணம். அமேசன் 1996இல் தொடங்கிய திட்டத்திலே, வலைப்பதிவின் வழியாக வந்த வாசகர் பொதுவாக 24 மணித்தியாலத்துள் பொருளைத் தெரிவுசெய்தாற்றான் எழுதியவருக்குப் பங்குண்டு. மறுநாள் மனம்மாறி வாங்குவாராயின் ஒன்றுமில்லை. மூன்றாவது வழி அனுசரணைப் பயணம். டலஸ் சிமைத் 1977இல் எழுதிய கட்டுரையிலே, வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் விளம்பரகாரருக்கு விற்பது வாசகர் கூட்டத்தையே எனக் காட்டினார். வலைப்பதிவரும் ஊர்களைப் பற்றி எழுதி வாசகரின் கவனத்தை விற்கின்றார். ஆயின் பத்திரிகை முதலாளியைப் போலன்றி, விலையை நிர்ணயிக்கும் வலிமை அவரிடமில்லை.

இதன் விளைவு எழுத்திலே தெளிவாகத் தெரிகின்றது. எவ்வூரைப் பற்றி எழுதுவது என்பதைத் தேடுபொறியிலே மக்கள் எதனைத் தேடுகின்றனர் என்பது தீர்மானிக்கின்றது. ஆதலின் பாரிஸ் நகரில் மூன்று நாட்கள், பாலியிற் காணவேண்டிய பத்து இடங்கள் என்றவாறான தலைப்புக்கள் பெருகுகின்றன. எவரும் தேடாத ஊரினைக் கண்டு எழுதுபவருக்கு வருவாய் அரிது. கண்டுபிடிப்பினைத் தன் பெருமையாகப் பேசும் இலக்கிய வகை, ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவற்றையே திரும்பத் திரும்ப எழுதவேண்டியுள்ளது. தொழிலின் பெரும்பகுதி மேசையில் நிகழ்வது: படங்களைத் திருத்துதல், பழைய கட்டுரைகளில் பேருந்துக் கட்டணங்களையும் விசா விதிகளையும் புதுப்பித்தல், அனுசரணை வேண்டிக் கடிதமெழுதுதல். இவை எவையும் பதிவிலே இடம்பெறுவதில்லை. கடற்கரையிலே மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் படமே இடம்பெறுகின்றது.

அனுசரணைப் பயணத்தின் தன்மை தனியே நோக்கத்தக்கது. காலை முதல் இரவு வரை அழைத்தவர் வகுத்த நிகழ்ச்சிநிரலின்படியே அது நடைபெறும். இத்தனை கட்டுரை, இத்தனை படம் என ஒப்பந்தமும் இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2009இல் தனது வழிகாட்டு விதிகளைத் திருத்தி, இத்தகைய சலுகைகளை வலைப்பதிவர் வெளிப்படுத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், சொல்லப்பட்டதற்குக் காசு கொடுத்தவர் யார் என்பதனையே இவ்விதி வெளிப்படுத்தும். சொல்லாமல் விடப்பட்டது எது என்பதனை எவ்விதியும் வெளிப்படுத்தாது.

சொல்லாமல் விடப்படுவதற்கு எமது நாட்டிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். 2018 ஒக்ரோபரில் லோன்லி பிளனற், அடுத்த ஆண்டிற் செல்லத்தக்க நாடுகளுள் இலங்கையை முதலிடத்தில் வைத்தது. அதே மாதத்திலேயே நாட்சம்பளமாக 1000 ரூபா வேண்டி, மலையக இளைஞர் கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலிலே திரண்டனர். அச்சம்பளம் 2021 மார்ச்சிலேயே வர்த்தமானியில் இடம்பெற்றது. கண்டியிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் புகையிரதம் பயண வலைப்பதிவுகளிலே பெரும்புகழ் பெற்றது. வாயிற்படியிலே சாய்ந்து நிற்கும் பயணியும் பின்னணியிலே தேயிலைச் சரிவும் அவற்றின் வாடிக்கையான படமாகும். அதே யன்னலினூடே லயன் அறைகளும் தெரிகின்றன. கொழுந்து பறிக்கும் பெண் படத்திலே வண்ணமாக இடம்பெறுகின்றாள். அவளது நாட்சம்பளம் கட்டுரையிலே இடம்பெறுவது அரிது. இதனை எழுதியவரின் கண் குறைபாடு எனக் கொண்டுவிட முடியாது. அவரது வருவாய் வாசகரைப் பயணச்சீட்டு வாங்கத் தூண்டுவதிலே தங்கியுள்ளது. லயன் அறை பயணச்சீட்டு விற்பதில்லை.

மற்றோர் உண்மையும் இத்தோடு தொடர்புடையது. 2008இல் வலைப்பதிவு தொடங்கிய அமெரிக்கரான மத்தியூ கெப்னெஸ், நாளொன்றுக்கு 50 டொலருடன் உலகைச் சுற்றுவது எவ்வாறு எனக் கூறும் நூலினை 2013இல் வெளியிட்டார். சிக்கனமாய்ப் பயணஞ்செய்ய விரும்புவோர்க்கு இத்தகைய நூல்கள் பயன்படுவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் டொலரில் உழைத்துச் சியங் மாயிலோ பாலியிலோ செலவிடுவதனாற் கிட்டும் சிக்கனம், அங்கே அறை துப்புரவு செய்பவரின் குறைந்த கூலியின் மறுபெயராகும். அன்றியும், நினைத்தவுடன் எல்லை கடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியதன்று. இலங்கைக் கடவுச்சீட்டுடையவர் ஐரோப்பாவிற்குச் செல்ல விசாவுக்காக வங்கிக் கணக்கினையும் திரும்பிவரும் உறுதியினையும் காட்டி நிற்கவேண்டும். எவரும் வேலையை விட்டுப் புறப்படலாம் என்னும் அறைகூவலிலே ‘எவரும்’ என்னும் சொல் எந்நாட்டவரைக் குறிக்கின்றது என்பது தெளிவு.

இவ்வளவும் கூறியபின், வலைப்பதிவரைச் சுரண்டுவோர் வரிசையிலே நிறுத்திவிட்டு விலகுதல் எளிது. நாம் அவ்வாறு செய்வதற்கில்லை. மார்க்ஸ், மில்ரனையும் லைப்சிக் நகரத்து இலக்கியப் பாட்டாளியையும் ஒப்பிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. மில்ரன் தமது காவியத்தைத் தமது இயல்பின் வெளிப்பாடாகப் படைத்துப் பின்னர் 5 பவுணுக்கு விற்றார். லைப்சிக் எழுத்தாளனோ வெளியீட்டாளனின் மூலதனத்தைப் பெருக்குவதற்கென்றே எழுதினான். வலைப்பதிவர் தம்மை மில்ரன் எனக் கருதிக்கொள்ளும் லைப்சிக் எழுத்தாளர். கருவிகள் அவருடையவை, மேற்பார்வையாளன் இல்லை, எனினும் அவரது வாழ்வு தேடுபொறியின் கையிலுள்ளது. 2020இல் பெருந்தொற்றினாற் சர்வதேசப் பயணிகளின் தொகை ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு வீழ்ந்தபோது, இத்தொழிலின் அனுசரணையும் தரகும் ஒருங்கே வற்றின. 2023 செப்ரெம்பரில் கூகிள் தனது தரவரிசை முறையினை மாற்றியபோது, சுயாதீன வலைப்பதிவர் பலர் வாசகரிற் பெரும்பாலோரை இழந்தனர். 2024 மே மாதம் முதல் ஐக்கிய அமெரிக்காவிலே, தேடுபவருக்குச் செயற்கை நுண்ணறிவு திரட்டிய சுருக்கவிடையினைத் தேடுபொறியே முகப்பில் வழங்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய செய்தி, எழுதியவரின் பக்கத்தை எவரும் திறக்காமலே பயன்படுகின்றது. வேலைநீக்கக் கடிதமுமில்லை, சேமலாப நிதியுமில்லை, முறையிடுவதற்குத் தொழில் நியாயசபையுமில்லை.

ஆகவே, பயண வலைப்பதிவினை விமர்சிப்போர் அதனை மோகத்தோடும் ஏளனத்தோடும் அணுகும் இருவழிகளையும் விடுத்தல் வேண்டும். செலவினைப் பொறுத்தவர் யார் என்பதைப் பனுவலின் பகுதியாகவே வாசித்தல் வேண்டும். எவ்வூர் எழுதப்பட்டது என்பதோடு எவ்வூர் எழுதப்படவில்லை என்பதையும், விடுதியின் சிறப்போடு அங்கே பணிபுரிபவரின் நிலை இடம்பெற்றதா என்பதையும் வினவுதல் வேண்டும். வாசகரே சந்தா செலுத்தி எழுதுபவரைத் தாங்கும் முறை அண்மையிற் சிறிது வளர்ந்துள்ளது. பேடெக்கர் காலத்து உறவினை அது ஓரளவு மீட்கக்கூடும். எனினும் ஏற்கெனவே பெயர் பெற்றோருக்கே அது பெரிதும் கைகொடுக்கின்றது. தாம் கூலிக்கு உழைப்பவர் என்பதனை வலைப்பதிவர் தமது எழுத்திலேயே ஒளிவின்றிக் கூறத் துணியும்போது, தாம் செல்லும் ஊர்களிலே தம்மைப் போல் உழைப்போரையும் அவர் காணத் தொடங்குவார். அவ்வாறெழும் பயண எழுத்தே எமது வாசகருக்கு வேண்டப்படுவது.