சித்திரக் கதைகளில் போர்மறவர்

சித்திரக் கதை இலக்கியமாகுமா என்னும் வழக்கினுள் புகுவது நம் நோக்கமன்று. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளியில் மலையாளம் பயின்ற பிள்ளைகள் பலருக்குத் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கத் துணைநின்றவை அந்நூல்களே. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984-இல் பிறந்த லயன், ராணி காமிக்ஸுகளும் பொள்ளாச்சி வழியாகவும் போடி, கம்பம் வழியாகவும் நம்மை வந்தடைந்தன. அவற்றுள் மிகுதியானவை துப்பறிவோர், ஒற்றர் கதைகள். போர்க்களத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட ஆங்கிலச் சிறுநூல்களோ பழைய புத்தகக் கடைகளின் மூலம் கைக்கு வந்தன. அவை காட்டும் போர்வீரன் நம் புறப்பாடல்களின் மறவனுக்கு உறவினனா, அயலானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

இலண்டனிலிருந்து 'வார் பிக்சர் லைப்ரரி' 1958-இல் வெளிவரத் தொடங்கியது. டண்டி நகரத்து டி. சி. தாம்சன் நிறுவனம் 1961 முதல் 'கமாண்டோ' இதழை வெளியிட்டு வருகிறது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் ஒரு முழுக்கதை. வரைந்தோரின் கைத்திறனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. டாங்கியின் சங்கிலிச் சக்கரமும் விமானத்தின் இறக்கையும் அளவு பிசகாதவை. இத்தாலியின் பெரும் ஓவியர் ஹியூகோ பிராட்டும் இத்தகைய நூல்களுக்கு வரைந்தவரே.

ஆயின், கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே. ஒரே படைப்பிரிவில் இருவர் பகைத்திருப்பர். குண்டு மழையில் பகை கரையும். அல்லது கோழையென்று தூற்றப்பட்டவன் இறுதிப் பக்கத்தில் பீரங்கியை நோக்கித் தனியே ஓடுவான். எதிரிக்குப் பெயரில்லை. ஜெர்மானியனாயின் ஒரு சொல், ஜப்பானியனாயின் ஒரு கூக்குரல்; கைகளை உயர்த்தி வீழ்வான். குருதி இல்லை. அடுத்த கட்டத்தில் அவன் பிணமும் இராது! படிக்கும் சிறுவன் சாவைக் காணாமலே போரைக் கண்டுவிடுகிறான். இதுவே இந்நூல்களின் பெருங்குறை என்பது நம் துணிபு.

மற்றொரு குறை நமக்கே உரியது. சயாம்-பர்மா இருப்புப்பாதை 1942-43-இல் போடப்பட்டபோது நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் அதனினும் பன்மடங்கினர். சிறைப்பட்ட ஆங்கிலச் சிப்பாயின் துயரை வரைந்த தூரிகை அத்தமிழரை நாடியதாக நாம் கண்ட நூல்களில் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த சிறுவன் அப்பக்கங்களில் தன் பாட்டன் உருவைத் தேடினால், எங்ஙனம் காண்பான்?

இப்பொதுநெறிக்கு விலக்கானவையும் உண்டு. கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கரான ஹார்வி கர்ட்ஸ்மன் எழுதி வரைந்த ஒரு சிறுகதையில், ஒரு சிப்பாய் பகைவனை இம்ஜின் ஆற்று நீரில் அமிழ்த்திக் கொல்கிறான். பிணம் மிதந்து செல்கிறது. வெற்றி முழக்கம் ஏதும் இல்லை. அதனினும் பெரிய முயற்சி, பாட் மில்ஸ் எழுத, ஜோ கொல்குன் வரைந்து 1979-இல் தொடங்கிய 'சார்லிஸ் வார்'. பதினாறே வயதான சார்லி, வயதை மறைத்து முதல் உலகப்போர்ப் படையில் சேர்கிறான். 1916 சூலை முதல் நாள் சோம் ஆற்றுப் போரில், பிரிட்டானியப் படையில் மட்டும் 19,240 பேர் மாண்டனர். அக்களத்தை அக்கதை ஒளிக்காமல் காட்டுகிறது.

அதில் நம்மைப் பிணித்த உத்தி ஒன்று: சார்லி வீட்டுக்கு எழுதும் எழுத்துப்பிழை மலிந்த கடிதங்கள். கடிதத்தில் உற்சாகம், அதனருகே ஓவியத்தில் சேறும் சிதைந்த உடலும். பெற்றோர் விடுக்கும் மறுமொழியிலோ வீட்டுச் சில்லறைச் செய்திகள். 'இவண் யாவரும் நலம்' என்று மலையிலிருந்து சென்ற கடிதங்களை அறிந்த குடும்பங்கள் நம்முடையவை. அட்டைக்கடியும் குளிர்காய்ச்சலும் அக்கடிதங்களில் இடம்பெற்றதில்லை. எனவே, அந்த ஆங்கிலச் சிறுவன் எவற்றை எழுதாது விட்டான் என்பது நமக்கு எளிதில் விளங்குகிறது.

இனிப் புறத்திற்கு வருவோம். புறநானூற்றில் வீரம் போற்றப்படுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் கூறும். தந்தையையோ தமையனையோ, பின்னர்க் கணவனையோ களத்தில் இழந்தும் ஒரே மகனைப் போருக்கு விடுக்கும் தாயை மேடைதோறும் கேட்டுள்ளோம். மேடையில் அவ்வளவாக ஏறாதவை 62, 63-ஆம் பாடல்கள். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் பெருவிறற்கிள்ளியும் பொருது இருவருமே மாய்ந்த களத்தைக் கழாத்தலையாரும் பரணரும் பாடினர். யானையும் குதிரையும் மாண்டு கிடக்கின்றன. முரசுகள் சுமப்பாரின்றிக் கிடக்கின்றன. வென்றவர் எவருமில்லை. சேரநாட்டில் குடியேறிய சோழ, பாண்டிய, கொங்கு மண்ணின் மக்களாகிய நாம் எந்தப் பக்கம் நின்று அப்பாடல்களைப் படிப்பது? புலவர் இருவரும் பக்கம் சாரவில்லை. ('கலிங்கத்துப் பரணி'யில் பேய்கள் கூழட்டு உண்பதும் களத்தின் கொடுமையே, ஆயினும் ஆங்கே வென்றவனின் புகழ் முந்திநிற்கிறது.)

நம் நாட்டிலும் அமர் சித்திர கதா நிறுவனம் பரம்வீர் சக்கரம் பெற்றோர் வரலாறுகளை 2015-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அவருள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். பம்பாயில் பிறந்த தமிழர். நம்மைப் போன்றே புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தி, உயிர் பிரியும்வரை தம் படையினருக்கு ஆணையிட்டவர். புறத்துறை வல்லோர் இதனை விழுப்புண் என்பர். அவர் வீரத்தில் ஐயமில்லை. அதனை வரைவதும் முறையே.

ஆயினும் இக்கதையில் எதிர்நின்றவனும் தமிழனே. அவன் வாயில் அயல்மொழிக் கூக்குரலை இட்டு ஓவியர் தப்பித்துக்கொள்ள இயலாது. வீழ்கையில் அவன் 'அம்மா' என்றே அலறியிருப்பான். அச்சொல்லை அந்தக் கட்டத்தினுள் எழுதத் துணியும் ஒருவர் நம் சங்கத்து இளைஞருள் இருப்பாராயின், அவர் முதலில் பரணரையும் கழாத்தலையாரையும் படித்துவிட்டுத் தூரிகை எடுப்பாராக.