மேக்னட்டும் கிரைண்டிங் பேஸ்ட்டும்

கொல்லிமலையின் மிளகு, காப்பித் தோட்டச் சரிவுகளில் புல்லுக்குள் கல் மறைந்திருக்கும். புல்வெட்டியின் பிளேடு அதில் மோதினால் அடி இன்ஜினின் மேக்னட் வரை, அதாவது காந்தம் பதித்த ஃப்ளைவீல் வரை, போகும். இவ்வகைச் சிறு இன்ஜின்கள் பலவற்றில் கிளட்ச் மேக்னட்டின் மேல்தான் பூட்டப்பட்டிருக்கிறது. கிராங்க்கின் கூம்பு முனையான டேப்பரில் மேக்னட் இம்மி பின்னே நழுவினாலும் ஸ்பார்க் தாமதமாகும். வேகம் எழாது, இன்ஜின் சூடேறும், கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

மெக்கானிக்குகள் இதற்குக் கைக்கொள்ளும் வழி பழையது. மேக்னட்டுக்கும் கிராங்க்குக்கும் இடையிலுள்ள சிறு சாவியை எடுத்துவிட்டு, டேப்பரில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மேக்னட்டை இப்படியும் அப்படியும் திருப்பி உரசவிடுவார்கள். பிறகு புதுச் சாவி போட்டு இறுக்குவார்கள். அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஊரில், புது கிராங்க்குக்காகக் கீழே இறங்காமல் வேலையை முடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இம்முறையின் அடிப்படைப் புரிதல் சரியானது; அதை மனதாரப் பாராட்டுகிறேன். சாவியின் வேலை ஸ்பார்க் நேரத்தைக் குறித்துக் காட்டுவது. சுமையைத் தாங்குவது டேப்பரின் உராய்வு. சாவியை மட்டும் மாற்றிக் கொடுப்பவரைவிட, டேப்பரில் மார்க்கர் மை பூசி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து உரசுபவர் நோயின் வேரைத் தொடுகிறார்.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. பேஸ்ட்டின் துகள்கள் மேக்னட்டின் அலுமினியத் துளையில் பதிந்துவிடும். பெட்ரோலில் திரும்பத் திரும்பக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படியாமல் போகும் வரை துடைக்க வேண்டும். அரைகுறையாகத் துடைத்தால் துகள் ஆயில் சீலைத் தாண்டி பேரிங்கைத் தின்னும். பிடிக்கட்டும் என்று டேப்பரில் எண்ணெய் தடவுவதோ இன்னும் மோசம். இரு பரப்பும் உலர்ந்திருந்தால்தான் உராய்வு.

அதைவிடப் பெரிய குறை மேக்னட்டைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்குவதில் இருக்கிறது. உளி வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார்கள். எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. களையெடுக்கும் பவர் வீடர்கள் சிலவற்றில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்கு இந்த நட்டின் இறுக்க அளவு சுமார் 75 நியூட்டன் மீட்டர், 30 செ.மீ. ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 25 கிலோ எடை தொங்கும் விசை. குறைந்தால் மேக்னட் மறுபடி நழுவும், மிகுந்தால் மரை போகும். மானியத்தில் பவர் வீடர் வழங்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, கொல்லிமலையின் செம்மேட்டுப் பட்டறைகளுக்கு இறுக்க அளவைக் காட்டும் ஒரு டார்க் ஸ்பானரைப் பொதுவில் வைத்தால், இந்த மெக்கானிக்குகளின் வேலையில் எஞ்சும் முக்கியக் குறை தீரும்.